ஆபரேஷன் இல்லாமல் கொழுப்பைக் குறைப்பது: நமக்குப் பொருந்துமா என்று வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

கத்தி இல்லை, மயக்க ஊசி இல்லை, ஒரு மணி நேரம் படுத்திருந்தால் போதும், இடுப்புச் சதை போய்விடும் என்கிற விளம்பரம் இப்போது கும்பகோணத்தில் இருப்பவர் செல்போனுக்கும் வருகிறது, வேதாரண்யத்தில் இருப்பவர் செல்போனுக்கும் வருகிறது. அது முழுப் பொய் இல்லை. கொழுப்பைக் குளிராலோ சூட்டாலோ குறைக்கும் மிஷின்கள் உண்மையிலேயே வேலை செய்கின்றன. யாருக்கு வேலை செய்யும் என்பதைத்தான் விளம்பரம் சொல்வதில்லை.

இது குண்டாக இருப்பவர் மெலிவதற்கான சிகிச்சை அல்ல. ஏறக்குறைய சரியான எடையில் இருந்து, எங்கோ ஓரிடத்தில் மட்டும் சதை போகாமல் தங்கிவிட்டவருக்கானது. நம் பக்கம் தொப்பையைக் காட்டி இதை விசாரிக்கிற பலருக்கு வேறு வைத்தியம்தான் தேவை என்பது என் கருத்து. திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏறுவதற்கு முன்னால் தையல் டேப்பும் கண்ணாடியும் வைத்துக்கொண்டு நீங்களே பார்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், மிஷின் என்ன செய்கிறது?

அதிகம் பேசப்படுவது கொழுப்பை உறைய வைக்கும் முறை. டாக்டர்கள் கிரையோலிபோலிசிஸ் என்பார்கள். கூல்ஸ்கல்ப்டிங் என்பது அதில் பிரபலமான ஒரு பிராண்டு. பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டீட்டர் மான்ஸ்டீன், ராக்ஸ் ஆண்டர்சன் என்ற தோல் மருத்துவர்கள் உருவாக்கியது. குச்சி ஐஸ் சப்பும் குழந்தைகளுக்குக் கன்னத்துக் கொழுப்பு மட்டும் வீங்கிக் கட்டிப்போவதை 1970லேயே மருத்துவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். அதிலிருந்துதான் யோசனை கிளம்பியது. தோலும் நரம்பும் தாங்குகிற குளிரைக் கொழுப்புச் செல் தாங்காது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்க, பக்கத்துச் சொம்பில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறதே, அந்தக் கணக்குதான். குளிரில் செத்த செல்களை உடம்பே இரண்டு மூன்று மாதங்களில் மெல்ல அப்புறப்படுத்திவிடும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதை 2010ல் இடுப்போரச் சதைக்கும், 2012ல் வயிற்றுக்கும், பிறகு தொடைக்கும் தாடைக்குக் கீழேயும் அனுமதித்தது.

சூட்டால் செய்வது இரண்டாவது வகை. லேசர், ரேடியோ அலை, குவித்துப் பாய்ச்சும் அல்ட்ராசவுண்ட் எல்லாம் இதில் வரும். மூன்றாவது ஊசி: டியாக்சிகோலிக் அமிலம். இது 2015ல் எஃப்டிஏ அனுமதி பெற்றது, ஆனால் தாடைக்குக் கீழே உள்ள சதைக்கு மட்டும். வயிற்றில், கையில், தொடையில் 'கொழுப்புக் கரைக்கும் ஊசி' போடுகிறோம் என்று யாராவது சொன்னால், எந்த மருந்து, பாட்டிலைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

எவ்வளவு குறையும்? குளிர்முறையில் ஒரு தடவைக்கு, மிஷின் வைத்த இடத்துக் கொழுப்பு அடுக்கின் கனத்தில் சுமார் 20 முதல் 25 சதவீதம். உடம்பு எடையில் 20 சதவீதம் என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். தராசு முள் பெரும்பாலும் அசையவே அசையாது. பாவாடை நாடாவுக்கு மேலே பிதுங்குவது குறையும், சட்டை படிந்து நிற்கும். அவ்வளவுதான் இதன் எல்லை. இந்த அளவு மாற்றத்துக்கு இவ்வளவு பணமா என்று இப்போதே தோன்றினால், மேற்கொண்டு படிக்காமலே முடிவெடுத்துவிடலாம்.

படி 1: எடையும் இடுப்புச் சுற்றளவும்

உயரத்தை மீட்டரில் எடுத்து அதை அதாலேயே பெருக்குங்கள். எடையை அந்த எண்ணால் வகுங்கள். அதுதான் பிஎம்ஐ. 160 செ.மீ. உயரமும் 58 கிலோவும் இருந்தால் 22.7 வரும். 168 செ.மீ., 82 கிலோ என்றால் 29.

இங்கேதான் ஒரு சிக்கல். இந்த மிஷின்களுக்கான பொதுவான வரம்பு பிஎம்ஐ 30க்குக் கீழே. அது மேல்நாட்டு உடம்பை வைத்துப் போட்ட கோடு. இந்தியர்களுக்கு 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25ஐத் தொட்டால் உடல் பருமன் என்று நம் டாக்டர்கள் கணக்கு வைக்கிறார்கள், ஏனென்றால் நமக்குக் குறைந்த எடையிலேயே சுகரும் இதய நோயும் வந்துவிடுகின்றன. ஆக 29 உள்ளவரிடம் கிளினிக் 'தாராளமாகச் செய்யலாம்' என்று சொல்லும். அவர் ஊரில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரோ 'முதலில் எடையைக் குறைங்க' என்பார். என்னைக் கேட்டால் ஊர் டாக்டர் சொல்வதுதான் சரி. 25க்குக் கீழே இருப்பவருக்கு இது நன்றாகப் பொருந்தும். 25க்கும் 30க்கும் நடுவில் இருப்பவர் முதலில் சில கிலோ குறைத்துவிட்டு, அப்புறமும் எது மிச்சமிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. மிச்சம் இருக்காமலும் போகலாம், பணம் மிச்சம்.

இடுப்பை அளக்கும்போது பாவாடை நாடாவையும் அரைஞாண் கயிற்றையும் தளர்த்திவிடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டபின் பாருங்கள். வயிற்றை எக்கக் கூடாது. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் அது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை, ரத்தப் பரிசோதனைக்கான அழைப்பு.

படி 2: கிள்ளிப் பாருங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை இதுதான், செலவும் இல்லாதது.

கொழுப்பு இரண்டு இடத்தில் தங்கும். ஒன்று தோலுக்கு அடியில், தசைக்கு மேலே. இன்னொன்று வயிற்றுக்குள், குடலையும் ஈரலையும் சுற்றி. மிஷின்கள் எல்லாமே தோலுக்கு அடியில் உள்ளதை மட்டும்தான் தொடும். உள்ளே இருப்பதைக் குளிரும் தொடாது, லேசரும் தொடாது, தொட்டால் அது ஆபத்து.

நேராக நின்றுகொண்டு, தொப்புளுக்குப் பக்கத்தில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து இழுங்கள். ஓர் அங்குலமோ அதற்கு மேலோ மெத்தென்று மடிப்பாகக் கையில் வந்தால் அது தோலடிக் கொழுப்பு. குளிர்மிஷினின் வாய் அந்த மடிப்பை உறிஞ்சிப் பிடித்துத்தான் வேலை செய்கிறது. பிடிபடாத இடத்தில் அதற்கு வேலை இல்லை. பிறகு மல்லாந்து படுத்துப் பாருங்கள். படுத்ததும் வயிறு இருபுறமும் சரிந்து தட்டையானால் பெரும்பகுதி தோலடிக் கொழுப்பு என்று அர்த்தம். படுத்த பிறகும் குன்று மாதிரி நிமிர்ந்து நின்று, விரலால் தட்டினால் விறைப்பாக இருந்தால், கொழுப்பு உள்ளே இருக்கிறது.

டெல்டாவில் நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களிடம் இந்த இரண்டாவது வகை சகஜம். கை கால் மெலிசாக இருக்கும், வயிறு மட்டும் முன்னால் வரும். நடவுக்கு மிஷின், அறுப்புக்கு மிஷின், தெருமுனை டீக்கடைக்கு டூவீலர். ஆனால் தட்டில் விழும் சாதம் மட்டும் தாத்தா ஏர் ஓட்டிய காலத்து அளவு. இந்த வயிற்றைக் கொண்டுபோய் மிஷினுக்குக் கீழே வைத்தால் தோலடியில் உள்ள கொஞ்சமும் போய், தொப்பை அப்படியே நிற்கும். அவர்களுக்கு உள்ள நல்ல செய்தி, வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புதான் நடைக்கும் சாப்பாட்டு மாற்றத்துக்கும் முதலில் கரைவது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகரும் பிரஷரும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியரிடமும் கேட்கலாம். கூடவே ஒரு வயிற்று ஸ்கேன் எடுத்தால் ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

படி 3: அது கொழுப்புதானா?

வயிறு பெரிதாகத் தெரிவதெல்லாம் கொழுப்பு இல்லை. மல்லாந்து படுத்து, கையை ஊன்றாமல் தலையையும் தோளையும் மட்டும் தூக்குங்கள். நடு வயிற்றில் நீளமாக மேடு எழும்பினால் பிரசவத்தில் விலகிய வயிற்றுத் தசை இன்னும் சேரவில்லை என்று பொருள். இதற்கு பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சிதான் வழி, சிலருக்கு ஆபரேஷன். இருமும்போது தொப்புளிலோ சிசேரியன் தழும்புப் பக்கமோ பந்து போல ஏதாவது பிதுங்கினால் அது ஹெர்னியாவாக இருக்கலாம். ஹெர்னியா உள்ள இடத்தில் உறிஞ்சும் மிஷினை வைக்கவே கூடாது. அறுவைச் சிகிச்சை டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

சில வாரங்களில் மளமளவென்று வயிறு பெருத்தது, கூடவே கால் வீக்கம், கண் மஞ்சள், பசியின்மை, அல்லது உடம்பு இளைத்து வயிறு மட்டும் பெரிதாவது, இதில் எது இருந்தாலும் அழகு கிளினிக் பேச்சையே விட்டுவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். ஈரல் கெட்டு நீர் கோத்திருக்கலாம், பெண்களுக்குச் சினைப்பைக் கட்டியாகவும் இருக்கலாம்.

முகம் உருண்டு, கழுத்துக்குப் பின்னால் சதை மேடிட்டு, வயிற்றில் அகலமாக ஊதா நிறக் கோடுகள் விழுந்திருந்தால் ஸ்டீராய்டு நினைவுக்கு வர வேண்டும். மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் பெயர் தெரியாத மாத்திரையோ சூரணமோ மாதக்கணக்கில் சாப்பிடுபவர்கள் அதையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து.

ஆண்களுக்கு மார்பு பெருத்திருந்தால் அது வெறும் கொழுப்பாக இல்லாமல், சுரப்பித் திசுவும் சேர்ந்திருக்கலாம். மிஷினுக்கு அந்தத் திசு மசியாது. தனியாக உருண்டு கையில் நழுவும் கொழுப்புக் கட்டியும் இதில் சேராது.

படி 4: தோல்

கிள்ளிய மடிப்பை விட்டதும் தோல் சட்டென்று பழைய நிலைக்குப் போகிறதா, தொங்கியே நிற்கிறதா? இறுக்கமுள்ள தோல் என்றால் கொழுப்பு குறையக் குறையத் தானும் சுருங்கிக்கொள்ளும். இரண்டு மூன்று பிரசவத்துக்குப் பிறகு, அல்லது நிறைய எடை குறைத்த பிறகு, தோல் ஏற்கெனவே தொங்கினால் கொழுப்பை எடுக்க எடுக்க அது இன்னும் தொளதொளக்கும். அவர்களுக்குப் பிளாஸ்டிக் சர்ஜன்தான் சரியான ஆள்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னொன்று. வயிற்று மடிப்பிலும் தொடை இடுக்கிலும் படர்தாமரை இருந்தால் முதலில் அதை முழுதாக ஆற்ற வேண்டும். கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் பூசிக்கொண்டு போகாதீர்கள். அதில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், படையும் போகாது, தோலும் மெலிந்துவிடும்.

படி 5: டாக்டரிடம் மறைக்கக் கூடாதவை

கர்ப்பமாக இருந்தாலோ குழந்தைக்குப் பால் கொடுத்தாலோ இந்தப் பேச்சே வேண்டாம். பிரசவம் ஆகி எடை ஒரு நிலைக்கு வரட்டும், தானாகவே எவ்வளவோ வற்றும்.

குளிர்முறைக்கு முழுத் தடை போடும் ரத்தக் கோளாறுகள் சில உண்டு: கிரையோகுளோபுலினீமியா (குளிரில் ரத்தத்துப் புரதம் திரண்டு படியும் நோய்), குளிரில் ரத்த அணுக்கள் ஒட்டிக்கொள்ளும் நோய் போன்றவை. அரிதானவைதான். ஆனால் மார்கழிப் பனியைத் தவிர வேறு குளிரே பார்க்காத நமக்கு, அப்படி ஒன்று உடம்பில் இருப்பது தெரியாமலே போகலாம். ஐஸ் பெட்டியில் கைவிட்டு வேலை செய்யும் நாகப்பட்டினத்து மீன் வியாபாரிக்குத் தெரிந்திருக்கும், மற்றவருக்குத் தெரியாது. ஐஸ் பட்டால் தடிப்பு எழும்புகிறதா, ஏசி அறையில் விரல் வெளுத்து நீலம் பாய்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். ஒன்று நடந்திருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

சுகர் இருப்பதாலேயே ஒருவரை ஒதுக்கிவிட மாட்டார்கள். ஆனால் பாதத்தில் மதமதப்பு, உணர்ச்சிக் குறைவு அளவுக்கு வந்திருந்தால் குளிரோ சூடோ அளவு மீறுவது உங்களுக்கு உறைக்காது, தோல் வெந்துவிடலாம். கட்டுப்பாட்டில் இல்லாத சுகரோடு போகவே வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தக்கட்டு பெரிதாகும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், இடுப்பிலோ தொடையிலோ பிளேட் வைத்தவர்கள் ரேடியோ அலைப் பக்கம் போகக் கூடாது. காப்பர் டி வைத்திருப்பதையும் சொல்லுங்கள்.

தைராய்டு குறைவு, பிசிஓடி உள்ளவர்கள் முதலில் அதற்கு மருந்து எடுத்து எடையை நிலைப்படுத்துங்கள். எடை குறைக்கும் ஊசி போடுபவர்களுக்கும் இதேதான். மௌன்ஜாரோ என்ற அந்த வகை ஊசி 2025ல் இந்தியாவுக்கு வந்த பிறகு இந்தக் கேள்வியும் வர ஆரம்பித்திருக்கிறது. எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது எந்த இடத்துச் சதை தங்கும், எது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆறு மாதமாவது எடை ஏறாமல் இறங்காமல் நிற்கட்டும்.

படி 6: யாருக்காக, எப்போது?

பெண் பார்க்க வந்தவர்கள் 'கொஞ்சம் பூசினாப்ல இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போனதற்காகச் செய்துகொள்வது எனக்கு உடன்பாடில்லை. இடுப்பில் ஓர் அங்குலம் குறைந்தால் அவர்கள் வேறொன்றைச் சொல்வார்கள். அடுத்தவர் கண்ணுக்கே தெரியாத சதையை நாளுக்குப் பத்துத் தடவை கண்ணாடியில் பார்த்து அழுகிறவருக்கும் மிஷின் உதவாது; அவரோடு உட்கார்ந்து பேச ஒரு மனநல மருத்துவர் வேண்டும்.

தனக்காகவே ஆசைப்படுகிறவர் தாராளமாகச் செய்துகொள்ளலாம், நாள் கணக்குப் பார்த்து. பலன் முழுதாகத் தெரிய மூன்று மாதம் ஆகும், இரண்டாவது சிட்டிங் தேவைப்பட்டால் இன்னும் கூடும். தை முகூர்த்தத்துக்கு வேண்டுமென்றால் ஆவணியிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். கார்த்திகையில் வந்து 'தைக்குள் முடியுமா' என்று கேட்பவரிடம் 'முடியும்' என்று சொல்லும் கிளினிக்கை நம்பாதீர்கள். தாடை ஊசிக்கு இன்னும் கவனம் தேவை. ஒவ்வொரு தடவையும் ஒரு வாரத்துக்கு மேல்கூட வீங்கிக் கிடக்கும், பல சிட்டிங் ஆகும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத இடைவெளி.

படி 7: கிளினிக்கில்

முதல் நாள் ஆலோசனைக்கு மட்டும் போங்கள். ஏடிஎம் கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போவது உத்தமம். ஆடித் தள்ளுபடி மாதிரி 'இன்றைக்கே கட்டினால் பாதி விலை' என்பார்கள். துணிக்கடையில் சரி, உடம்புக்கு வேண்டாம். இன்னொரு கருத்து வேண்டுமென்றால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் புறநோயாளியாகக் காட்டலாம். அங்கே யாருக்கும் உங்களிடம் பேக்கேஜ் விற்கும் அவசரம் இல்லை.

உங்களைத் தொட்டு, கிள்ளி, இருமச் சொல்லிப் பார்ப்பது டாக்டரா, கோட்டு போட்ட கவுன்சலிங் ஊழியரா என்று கவனியுங்கள். தோல் மருத்துவத்தில் எம்டியோ டிப்ளமோவோ, அல்லது பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்சிஎச்சோ படித்தவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. "டாக்டர், எனக்கு இது ஒத்துவராதுன்னு நீங்க எப்போ சொல்வீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். 'எல்லோருக்கும் ஒத்துவரும்' என்று பதில் வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். மிஷினின் பிராண்டு, மாடல், விலை எதற்கு (ஒரு சிட்டிங்குக்கா, மிஷினின் வாய் ஒவ்வொரு தடவை வைப்பதற்கா) என்பதையும் எழுதி வாங்குங்கள். இடுப்பின் இரண்டு பக்கமும் என்றால் இரண்டு தடவையாகக் கணக்குப் போடுவார்கள். அழகு சிகிச்சைக்குக் காப்பீட்டுப் பணம் கிடைக்காது.

இன்னொரு கேள்வி கட்டாயம்: 'கொழுப்பு குறையாமல் கூடிவிட்டால் என்ன செய்வீர்கள்?' இது விளையாட்டுக் கேள்வி இல்லை. குளிர்முறையில் அரிதாகச் சிலருக்கு, மிஷின் வைத்த இடம் சில மாதங்களில் சுருங்குவதற்குப் பதிலாகக் கெட்டியாகப் பெருத்துவிடுகிறது. 2014ல்தான் இதை முதலில் மருத்துவ இதழில் எழுதினார்கள். பெண்களைவிட ஆண்களிடம் அதிகம் பதிவாகியிருக்கிறது. கனடாவைச் சேர்ந்த மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டா 2021ல் தனக்கு இப்படி ஆனதை வெளியே சொன்ன பிறகுதான் உலகம் கவனித்தது. அது தானாக வற்றாது, ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும். கத்தியைத் தவிர்க்க வந்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

செய்துகொண்ட பிறகு

அன்றைக்கே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம். சிவப்பு, வீக்கம், ரத்தக்கட்டு, சுரீர் வலி சில நாள் இருக்கும். மரத்துப்போன உணர்வு சில வாரம் நீடிக்கலாம். வலிக்கிறதே என்று பாட்டி வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வருவார். மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது, கொப்புளித்துவிடும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தைலமும் தேய்க்க வேண்டாம்.

செய்வதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பன்னிரண்டாவது வாரம் அதே சுவர், அதே வெளிச்சம், அதே நிற்கும் விதத்தில் இன்னொன்று எடுங்கள், டேப்பாலும் அளங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் இரண்டாவது சிட்டிங் பற்றிப் பேச வேண்டும். நடுவில் எடை ஏறியிருந்தால் பலன் தெரியாது, ஏனென்றால் மிச்சமுள்ள கொழுப்புச் செல்கள் பெருத்துக்கொள்ளும். அந்த இடம் மிஷின் வாயின் வடிவத்திலேயே கெட்டியாக மேடிடுவதாகத் தோன்றினால் பன்னிரண்டு வாரம் காத்திருக்காமல் போட்டோவோடு டாக்டரிடம் போங்கள். 'இன்னொரு சிட்டிங் வைத்தால் சரியாகிவிடும்' என்று அங்கே சொன்னால் சம்மதிக்காமல் வேறொரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் காட்டுங்கள்.